மூளையின் ஆணையும் இரத்தத்தின் படையும்

என் தாய்மாமன் ஒருவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்தார். அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. மார்கழி பிறந்தால் போதும், அவருக்கு மூச்சு இழைக்கத் தொடங்கிவிடும். இரவெல்லாம் தலையணைகளை அடுக்கி அவற்றின்மேல் சாய்ந்து உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பார். ஒரு குளிர்காலத்தில் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் சொன்னார் என்று ஒரு சிறிய வெள்ளை மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தார். மூன்றே நாளில் இழைப்பு நின்றது. "மந்திரம் போட்டாற்போல் கேட்கிறதடா!" என்று என்னிடம் வியந்தார். விலையும் மலிவு. அதன் பிறகு அவர் மருத்துவரைப் பார்க்கவே இல்லை. மாதம் ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் காசைக் கையில் கொடுத்து மருந்துக் கடைக்கு அனுப்புவார். கடைக்காரரும் ஒரு நாளாவது மருத்துவரின் சீட்டு எங்கே என்று கேட்டதில்லை.

நான் அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். நாளமில்லாச் சுரப்பிகளைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, அதற்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன். ஆயினும் நான் படத்தில் வரைந்த பட்டாணி அளவுச் சுரப்பிக்கும், காகிதப் பொட்டலத்தில் மாதந்தோறும் வாங்கிவந்த அந்த மாத்திரைக்கும் ஏதேனும் உறவு உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த உறவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மாமாவின் கதையை நடுவில் விட்டுவிட்டுப் போக மாட்டேன். ஆனால் அதன் முடிவு விளங்க வேண்டுமானால் சில செய்திகளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடம்பைக் காக்கும் படையில் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் நிணநீரணுக்கள் என்ற வெள்ளணுக்களே இன்றைய பேச்சுக்கு உரியவை. ஒரு மனிதனின் உடம்பில் இவை ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எலும்பின் உட்சோற்றில் பிறக்கும் இவ்வணுக்களில் ஒரு பகுதி, மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் என்ற உறுப்புக்குப் போய்ச் சேருகிறது. அங்கே நடப்பது ஒரு கடுமையான தேர்வு. கிராமத்துப் பெண்கள் முறத்தில் நெல்லைப் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதர் வெளியே பறக்கும். மணி முறத்தில் நிற்கும். தைமஸின் முறத்திலோ நிற்பது மிகக் குறைவு. அயலாரை அடையாளம் காணத் தெரியாத அணுவும், சொந்த உடம்பையே பகையென்று பாயக்கூடிய அணுவும் அங்கேயே மடிகின்றன. உள்ளே போனவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெளியே வருவதில்லை. அத்தேர்வில் தப்பி வருபவைதாம் டி அணுக்கள்.

இந்த உறுப்பின் பயனே 1961ஆம் ஆண்டு வரையில் ஒருவருக்கும் தெரியாது. அவ்வாண்டில் லண்டனில் ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளிடமிருந்து தைமஸை நீக்கிவிட்டு, அவை நோயை எதிர்க்கும் வலிமையின்றி மெலிந்து மடிவதைக் கண்டார். அதற்கு முன்னால் குடல்வாலைப் போல இதுவும் ஒரு வெற்று உறுப்பு என்றே மருத்துவ நூல்கள் கருதின. வெற்று உறுப்பு என்று நினைத்ததோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. அதைப் பகையென்றே நினைத்த ஒரு காலம் இருந்தது. அந்தக் கதை நம் பொருளோடு நேராகத் தொடர்புடையது. ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உடற்கூறு கற்பதற்கு மருத்துவக் கல்லூரிகளுக்குக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. அனாதை விடுதிகளிலும் தரும மருத்துவமனைகளிலும் நெடுநாள் பசியிலும் பிணியிலும் வாடி இறந்தவர்களின் உடல்கள் அவை. அவற்றில் தைமஸ் மிகச் சிறியதாக இருந்தது. அதுவே இயற்கையான அளவு என்று நூல்களில் எழுதிவிட்டார்கள். பின்னர், நன்றாக வளர்ந்த ஒரு குழந்தை இரவில் தூங்கும்போதே காரணம் தெரியாமல் இறந்துபோனால், அதன் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் "ஆ! தைமஸ் எவ்வளவு பெரியது! இதுதான் மூச்சுக் குழலை நெரித்திருக்கிறது" என்று முடிவு கட்டினார்கள். உண்மையில் அந்தக் குழந்தையின் தைமஸ்தான் இயற்கையான அளவில் இருந்தது. ஏழையின் தைமஸ்தான் துன்பத்தினால் சுருங்கிப்போயிருந்தது. ஆனால் இந்தத் தலைகீழ்க் கருத்தின்மீது ஒரு சிகிச்சையே எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பச்சிளங் குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் தைமஸைச் சுருக்குவதற்காக எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினார்கள். அக்கதிர்கள் அருகில் இருந்த தைராய்டுச் சுரப்பியையும் தாக்கின. அவ்வாறு கதிர் ஏற்ற குழந்தைகளிடம் தைராய்டுப் புற்றுநோய் தோன்றுவதை 1950இல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். ஏழைகளின் உடல் எழுதிவைத்த ஒரு செய்தியைப் பிழையாகப் படித்ததால் விளைந்த கேடு இது.

அந்தச் செய்திதான் என்ன? நெடுநாள் துன்பம் ஏன் தைமஸைச் சுருக்க வேண்டும்?

இதற்கு விடை மூளையின் அடிப்புறத்தில் இருக்கிறது. அங்கே ஹைபொதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி உண்டு. பசி, தாகம், உடற்சூடு, உறக்கம் ஆகியவற்றையெல்லாம் கவனிக்கும் கணக்குப்பிள்ளை அது. அதிலிருந்து ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது பிட்யூட்டரி. கொண்டைக்கடலை அளவு, எடை அரைக் கிராம் அளவே. உடம்பின் மற்றச் சுரப்பிகள் பலவற்றை ஆட்டி வைப்பது இதுவே. பிட்யூட்டரிக்கு ஹைபொதலாமஸ் அனுப்பும் ஆணைகள் நரம்பு வழியே மட்டும் போவதில்லை. காம்பில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே இரசாயனத் தூதுகளாகவும் இறங்குகின்றன. அந்தத் தூதுப் பொருள்களை இலட்சக்கணக்கான ஆடுகள், பன்றிகள் ஆகியவற்றின் மூளைத் துண்டுகளிலிருந்து மிகச் சிறிய அளவில் பிரித்தெடுத்தமைக்காக ரோஜர் கிய்மேன், ஆண்ட்ரு ஷாலி ஆகிய இருவருக்கும் 1977இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர்கள் முதலில் தேடத் தொடங்கிய தூது அவர்கள் கைக்கு அகப்படவில்லை. அது 1981இல் வைலி வேல் என்பவரின் ஆய்வுக் கூடத்தில்தான் பிடிபட்டது. நாற்பத்தொரு அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது, சுருக்கமாக சி.ஆர்.எச். என்பார்கள். அபாயம், பட்டினி, காயம், பெருங்கவலை இவற்றில் எது நேர்ந்தாலும் ஹைபொதலாமஸ் சி.ஆர்.எச்.சைப் பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் கவிந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை அடைந்தவுடன் அங்கிருந்து கார்ட்டிசால் புறப்படுகிறது. மூன்று கைகள் மாறிப் போகும் அஞ்சல் இது.

கார்ட்டிசால் கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையைத் திரட்டும். இரத்த அழுத்தம் விழாமல் தாங்கும். இவை அவசர காலத்துக்கு வேண்டிய காரியங்களே. ஆனால் அதே கார்ட்டிசால் நிணநீரணுக்களைத் தொடும்போது அவற்றின் பெருக்கம் தடைப்படுகிறது. தைமஸில் இன்னும் தேர்வு முடியாத இளம் அணுக்களோ தமக்குள் உள்ள ஒரு பொறியைத் தாமே இயக்கிக்கொண்டு மடிந்து விடுகின்றன. 1936இல் மான்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே என்ற இளைஞர் எலிகளுக்கு ஒரு சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றினார். எலிகளின் அட்ரினல் பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் கண்டது. புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர் மகிழ்ந்தார். ஐயம் தீர வேறு சில எலிகளுக்கு வெறும் ஃபார்மலினை ஏற்றிப் பார்த்தார். அவற்றுக்கும் அதே விளைவு! குளிரில் வைத்தாலும் அதே. களைக்கக் களைக்க ஓட வைத்தாலும் அதே. மகிழ்ச்சி கலைந்தது. ஆனால் கலைந்த இடத்தில் அதைவிடப் பெரிய ஒன்று நின்றது. துன்பம் எந்த வடிவத்தில் வந்தாலும் உடல் ஒரே மொழியில் பதில் சொல்கிறது என்பதே அது. இன்று அனைவர் வாயிலும் புழங்கும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் மருத்துவத்தில் வேரூன்றியது இந்த எலிகளால்தான்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மூளை பகைவனை எதிர்க்கும் தன் சொந்தப் படையை ஏன் அடக்க வேண்டும்? அறிவுடைய அரசன் செய்யும் வேலையா இது?

பூவிருந்தவல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். 24 அடி முழு ஆழம். 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவு. மழைக்காலத்தில் அங்கே மதகின் பொறுப்பாளருக்கு இருக்கும் கவலையை எண்ணிப் பாருங்கள். நீரை விடாமல் வைத்திருந்தால் கரைக்கு ஆபத்து. ஒரேயடியாகத் திறந்துவிட்டால் அடையாற்றின் கரையில் இருப்பவர்களுக்கு ஆபத்து. 2015 டிசம்பரில் அந்த ஆற்றங்கரை பட்ட பாட்டை மறந்தவர் யார்? நோய் எதிர்ப்பும் அப்படிப்பட்ட நீர்தான். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் வெளியிடும் பொருள்கள் கிருமியோடு நிற்பதில்லை; அருகில் உள்ள நல்ல திசுவையும் அரிக்கின்றன. ஆகவே படைக்கு ஒரு மதகு வேண்டும். அந்த மதகின் திருகைப் பிடித்திருப்பது மூளை. மேலும், எவ்வளவு திறக்க வேண்டும் என்று அது ஊகத்தில் முடிவு செய்வதில்லை. களத்தில் இருக்கும் அணுக்களே செய்தி அனுப்புகின்றன. இன்டர்லூக்கின்-1 என்ற பொருளை வெள்ளணுக்கள் விடுகின்றன. அது மூளையைத் தூண்டி கார்ட்டிசாலை உயர்த்துகிறது என்று 1986இல் ஹூகோ பெசெதோவ்ஸ்கியும் உடனிருந்தோரும் காட்டினர். காய்ச்சல் வந்தால் சோறு பிடிக்காமல், பேச்சுப் பிடிக்காமல், போர்வைக்குள் சுருண்டு கிடக்கத் தோன்றுகிறதே, அதுவும் இதே அஞ்சல் கொண்டுவரும் செய்திதான். மூளை பேசுகிறது, படை கேட்கிறது. படை பேசுகிறது, மூளை கேட்கிறது.

அடக்குவது மட்டுமா மூளையின் வேலை? வளர்ப்பதும் உண்டா? உண்டு என்பதற்கான முதற்சான்று பழையது. 1930இல் பிலிப் ஸ்மித் எலிகளின் பிட்யூட்டரியை அறுத்தெடுத்தார். தைமஸ் வயதுக்கு முன்பே தேய்ந்தது. பின்னாளில் கனடாவில் வினிப்பெக் நகரில் இஷ்ட்வான் பெர்சியும் ஏவா நாகியும் பிட்யூட்டரி இல்லாத எலிகளுக்கு எதிர்ப்பு ஆற்றல் குன்றியிருப்பதையும், வளர்ச்சி ஹார்மோனையோ புரோலாக்டினையோ கொடுத்தால் அது மீள்வதையும் காட்டினார்கள். புரோலாக்டின் என்பது தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் பிட்யூட்டரி ஹார்மோன். அதை ஏற்கும் பூட்டுத் துளைகள் நிணநீரணுக்களின் மேற்புறத்திலும் இருக்கின்றன. இவ்வளவும் படித்தவுடன், புரோலாக்டின் இன்றேல் எதிர்ப்பாற்றலே இல்லை என்று எழுதிவிட மாணவர்களுக்குக் கை துறுதுறுக்கும். எழுதிவிடாதீர்கள். புரோலாக்டினோ அதன் பூட்டுத் துளையோ பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளை 1990களில் உண்டாக்கிப் பார்த்தபோது, அவற்றின் நிணநீரணுக்கள் ஏறக்குறையக் குறைவின்றியே வளர்ந்திருந்தன. ஆகவே இந்த ஹார்மோன்களை விதை என்று சொல்வதற்கில்லை. உரம் என்று சொல்லலாம். பயிர் வாடும் காலத்தில்தான் உரத்தின் அருமை தெரியும். மூளை நரம்புகளின் தூதான டோபமின் டி அணுக்கள்மீது செய்யும் வேலையைக் கல்கத்தாவில் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பார்த்த சாரதி தாஸ்குப்தாவும் சுஜித் பாசுவும் ஆராய்ந்தார்கள். நம் சென்னைக்கு அருகே காட்டாங்குளத்தூரில் சீனிவாசன் தியாகராஜன் குழுவினர், முதுமை ஏற ஏற ஹார்மோன்களும் நிணநீரணுக்களும் எவ்வாறு ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று எலிகளில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இத்துறையை அயல்நாட்டார் மட்டுமே அறிந்த ஒன்றென்று எண்ண வேண்டாம் என்பதற்காகவே இவற்றைச் சொன்னேன்.

பிட்யூட்டரி அழிந்துபோன மனிதர் எப்படியிருப்பார்? இதற்கு நம் நாட்டு வயல்வெளியே ஒரு கொடிய சோதனைக்கூடம். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தம் உறையும் ஒழுங்கைக் குலைக்கும். கடிபட்டவர்களில் சிலருக்குப் பிட்யூட்டரிக்குள் இரத்தம் கசிந்தோ உறைந்தோ அச்சுரப்பி சிதைந்து விடுகிறது. பர்மாவில் நெல் வயல்களில் கடிபட்ட உழவர்களிடம் இதைக் கண்டு 1987இல் விரிவாக எழுதினார்கள். தென்னிந்தியாவிலும் இத்தகைய நோயாளிகளைக் கண்டிருக்கிறார்கள். கடியிலிருந்து பிழைத்து வீடு வந்தவர், மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சோர்ந்து போகிறார், மயிர் உதிர்கிறது, குளிர் தாங்கவில்லை, பெண்ணாயின் மாதவிடாய் நின்றுவிடுகிறது. இப்படிப்பட்டவருக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால் அதுவே உயிருக்கு உலையாகலாம். கிருமி வலியது என்பதால் அன்று; காய்ச்சலின்போது மதகைத் திருகக் கையில்லை, இரத்த அழுத்தத்தைத் தாங்கக் கார்ட்டிசால் இல்லை என்பதால். பாம்பு கடித்ததை எப்போதோ மறந்துவிட்ட குடும்பம், இந்தச் சோர்வுக்கும் அந்தக் கடிக்கும் முடிச்சுப் போடுவதில்லை. கடிபட்டுப் பிழைத்த யாரேனும் உங்கள் ஊரில் இருந்து, அவர் பின்னாளில் காரணமின்றி மெலிந்தால், மருத்துவரிடம் கடியைப் பற்றியும் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள்.

இனி மாமாவிடம் வருவோம்.

அவர் சாப்பிட்ட வெள்ளை மாத்திரை கார்ட்டிசாலின் தம்பி. 1948இல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில், மூட்டு வாதத்தால் எழுந்து நடக்கவும் முடியாதிருந்த இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்குக் கார்ட்டிசோனை ஊசியில் ஏற்றினார்கள். சில நாட்களில் அவள் கடைத் தெருவுக்கு நடந்தே போய் வந்தாள். பிலிப் ஹெஞ்ச், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதன் வழிவந்த மாத்திரைகளைத்தான் பொதுவாக ஸ்டெராய்டு என்கிறோம். ஆஸ்துமா என்பது மூச்சுக் குழலில் படைகள் தேவையின்றித் திரண்டு நிற்பது. ஸ்டெராய்டு அந்தப் படையைக் கலைத்தது. மாமாவுக்கு மூச்சு வந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. மாத்திரையின்மேல் குற்றமும் இல்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மூளை இரத்தத்தில் உள்ள கார்ட்டிசாலின் அளவை எப்போதும் சுவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மிகுந்தால் ஆணையைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். தினமும் மாத்திரை வழியே வெளியிலிருந்து வந்து கொட்டினால் அது என்ன நினைக்கும்? "இங்கே வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறதே, நான் ஏன் ஆணையிட வேண்டும்?" என்று ஓய்ந்துவிடும். ஆணை வராத அட்ரினல் வேலையின்றிச் சுருங்கும். இரண்டு ஆண்டுகளில் மாமாவின் முகம் உருண்டு திரண்டது. கன்னங்கள் உப்பின. "உடம்பு தேறிவிட்டதே!" என்று உறவினர் பாராட்டினார்கள். கைகால்கள் மெலிந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் ஒரு திருமணத்துக்காகச் சொந்த ஊருக்குப் போனார். மாத்திரையை எடுத்துச் செல்ல மறந்தார், இழைப்பும் இல்லாததால் "இனி எதற்கு?" என்று விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் வாந்தி, மயக்கம், காய்ச்சல். எழுந்து நின்றால் கண் இருண்டு விழுந்தார். ஊரிலிருந்து வாடகைக் காரில் சென்னைக்குக் கொண்டுவந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

அங்கே இளம் மருத்துவர் ஒருவர் அவருடைய முகத்தைப் பார்த்தார். கையில் பொட்டுப் பொட்டாக இரத்தம் கட்டியிருந்த தோலைப் பார்த்தார். "என்ன மாத்திரை சாப்பிட்டு வந்தார்?" என்று கேட்டார். யாருக்கும் பெயர் தெரியவில்லை. எனக்குத்தான் தெரியும். நான் சொன்னேன். "யார் வாங்கிக் கொடுத்தது?" என்று அடுத்துக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லச் சிறிது நேரமாயிற்று. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உடனே நரம்பில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றச் சொன்னார். மறுநாள் மாமா கண்விழித்துக் காபி கேட்டார். தூங்கிப்போன பிட்யூட்டரியை எழுப்ப மாதக் கணக்காகும் என்றும், அதுவரை மாத்திரையைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் மருத்துவர் விளக்கினார். அதோடு முடியவில்லை. அடங்காத இருமலுக்காக எடுத்த படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிந்தது; சளியில் காசக் கிருமி இருந்தது. நம் நாட்டில் எத்தனையோ பேருக்குள் அந்தக் கிருமி உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றிச் சுவர் கட்டிக் காவல் நிற்பவை டி அணுக்களே. இரண்டு ஆண்டுகளாக நாங்கள் காசு கொடுத்து அந்தக் காவலரைக் கலைத்து வந்திருக்கிறோம்.

அதே மருந்து அளவறிந்து கொடுத்தால் உயிர் காக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020இல் கொரோனா நோய் பரவியபோது இங்கிலாந்தில் நடந்த பெரிய சோதனையில், நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோனைப் பத்து நாள் வரை கொடுத்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கோ நன்மை ஒன்றும் தெரியவில்லை. அவர்களிடம் அடக்க வேண்டிய வெள்ளம் இல்லை அல்லவா? மறு ஆண்டு இந்தியாவில் அந்த வேறுபாட்டைப் பாராமல் பலர் வீட்டிலேயே மிகுதியாக உட்கொண்டார்கள். சர்க்கரை நோயும் ஸ்டெராய்டும் சேர்ந்த உடல்களில் கறுப்புப் பூஞ்சை நோய் புகுந்து, பலருடைய கண்ணையும் உயிரையும் கொண்டுபோயிற்று. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்திலும் ஸ்டெராய்டு உண்டு. ஆனால் அது மிகச் சிறிய அளவில் நேரே மூச்சுக் குழலில் போய்ப் படிவதால், மருத்துவர் சொன்னபடி பயன்படுத்துகிறவர் இதைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை.

மாணவர்களாகிய உங்களுக்கு உரிய கேள்வி ஒன்று மீந்திருக்கிறது. தேர்வுக்காலக் கவலை எதிர்ப்பாற்றலைக் குறைக்குமா? ஓரளவு குறைக்கும். அமெரிக்காவில் பல் மருத்துவ மாணவர் பதினொருவரின் மேலண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒரு சிறு காயமும், தேர்வுக்கு முன்னால் மறுபக்கம் அதே அளவுக் காயமும் உண்டாக்கிப் பார்த்தார்கள். தேர்வுக் காயம் ஆறுவதற்கு நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதல் காலம் பிடித்தது. 1998இல் வெளிவந்த ஆய்வு இது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்ப்பவர்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. விடியும் நேரத்தில் கார்ட்டிசால் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் தாழ்ந்திருக்கும். இரத்தத்தில் டி அணுக்கள் இதற்கு நேர் எதிராக இரவில் மிகுந்தும் காலையில் குறைந்தும் ஓடும். காலையில் குறைவதால் அவை செத்துவிட்டன என்று பொருளில்லை. எலும்புச் சோறு முதலிய இடங்களுக்குப் பெயர்ந்து போயிருக்கின்றன. சிறிது நேரப் பரபரப்பு படையை இடம் மாற்றுகிறது. நெடுங்காலத் துன்பமே அதை மெலிய வைக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இன்று மிகுந்திருக்கிறது.

அதைவிடத் தவறான பேச்சும் ஒன்று உண்டு. "கவலைப்பட்டாய், அதனால் நோய் வந்தது, மனத்தைத் திடப்படுத்து, நோய் போய்விடும்" என்று நோயாளியையே குற்றவாளியாக்கும் பேச்சு அது. இதற்கு விடை சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. வாலஸ் பாக்ஸ் என்பவர் அதை முன்னின்று நடத்தினார். ஒரு பகுதி நோயாளிகளை நல்ல உணவும் ஓய்வும் காற்றும் உள்ள சானடோரியத்தில் வைத்து ஓர் ஆண்டு மருந்து கொடுத்தார்கள். மற்றொரு பகுதியினர் நெருக்கடியான வீடுகளில், அரைவயிற்று உணவோடு, குடும்பக் கவலையோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு, அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959இல் வெளிவந்த முடிவைக் கண்டு உலகமே வியந்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். கார்ட்டிசாலும் கவலையும் பொய்யல்ல. ஆனால் சரியான மருந்து முறையாகக் கிடைத்தபோது கவலையுள்ளவனும் பிழைத்தான். இன்று உலகெங்கும் காச நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து உண்பதற்கு வழிகாட்டியவர்கள் அந்தச் சென்னை ஏழைகள்தாம்.

மாமாவும் வீட்டிலிருந்துதான் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார். மாலைதோறும் நான் போய் எண்ணிக் கொடுத்தேன். பிட்யூட்டரி விழித்துக்கொள்ள ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று. அதுவரை "திடீரென்று நிறுத்தலாகாது" என்று எழுதிய ஒரு சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த மற்றொரு தாளை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். நாலு, மூன்றரை, மூன்று, இரண்டரை என்று பதினொரு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தேதி. கடைசி வரியில் அரை மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள்.